மெடிசின் போஸ்டிங்: லாக் புக் நிரம்புகிறது, கை பழகவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி | ஜூன் 3, மாலை 6.20

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஜெனரல் மெடிசின் யூனிட்டில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்களின் வார்டுப் பயிற்சிதான் போஸ்டிங். அதில் நோயாளியின் கட்டிலருகே நடக்கும் பெட்சைடு கிளினிக் காலை 9 முதல் 12 வரை. ஒரு பேட்சில் 30 மாணவர்கள். ஒருவர் கேஸ் ப்ரசென்ட் செய்கிறார், நாலு பேர் கேட்கிறார்கள், மீதிப் பேர் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். 12 மணிக்கு லாக் புக்கில் (மாணவர் செய்ததைப் பதியும் ஏடு) எல்லாருக்கும் கையெழுத்து விழுந்துவிடுகிறது. திறன் அடிப்படையிலான சி.பி.எம்.இ. பாடத்திட்டம் வந்து காகிதம்தான் கூடியது, வேறு எதுவும் மாறவில்லை என்பது என் கருத்து. மறுப்பு உண்டா?

பதில் | ஜூன் 3, இரவு 9.45

காகிதம் கூடியது உண்மை. வேறு எதுவும் மாறவில்லை என்பதை ஏற்க மாட்டேன். மாற்றிக்கொள்ள 2019இல் வந்த மருத்துவக் கல்வி விதிகளிலேயே இடம் இருந்தது (2023இல் புதிய விதிகள் வந்துவிட்டன), யாரும் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் 3 மணி நேரம்.

சுவரில் சாய்கிறவர்களைத் திட்டிப் பயனில்லை. ஒரு கட்டிலைச் சுற்றி 30 பேர் நின்றால் பின்வரிசைக்கு நோயாளியின் கால்கூடத் தெரியாது. அதைவிடப் பெரிய கோளாறு, ப்ரசென்டேஷனில் நம் காதுக்கு வருவது முடிவு மட்டும்தான். "ஸ்ப்லீன் நாட் பால்பபிள்" (மண்ணீரல் கையில் தட்டுப்படவில்லை) என்கிறார் மாணவர். கையை எங்கிருந்து நகர்த்தினார், நோயாளியை மூச்சு இழுக்கச் சொன்னாரா, முழங்காலை மடக்கச் சொன்னாரா, ஏன், வயிற்றைத் தொட்டாரா என்பதே நமக்குத் தெரியாது. பாதிப் பேர் பி.ஜி. (மேற்படிப்பு மருத்துவர்) எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்த்துத்தான் ஒப்பிக்கிறார்கள். ஆகவே என் கட்சி ஒன்றுதான்: மாணவர் நோயாளியிடம் பேசுவதையும் தொடுவதையும் ஆசிரியர் கண்ணால் பார்க்க வேண்டும். அது நடக்காத போஸ்டிங்கில் மற்றதெல்லாம் அலங்காரம்.

செய்யக்கூடிய ஏற்பாடு இது. 30 பேரை ஐந்து ஐந்தாக ஆறு குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஒரு நோயாளி. ஐவரில் ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் பரிசோதிப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் கையில் செக்லிஸ்ட் வைத்துக்கொண்டு பரிசோதிப்பவரைக் கவனிப்பார், ஐந்தாமவர் ரிசல்ட்டுகளையும் மருந்துச் சார்ட்டையும் பார்த்து வைப்பார். மறுநாள் வேலை மாறும். 9.15 முதல் 10.15 வரை ஆசிரியர் உட்காரவே கூடாது. ஒரு குழுவுக்கு 8 நிமிடம் என்று ஆறு கட்டிலையும் சுற்றி வர 48 நிமிடம். பேசாமல் நின்று பார்ப்பதுதான் வேலை. நடுவில் வாய் வைத்தால் கேஸை நீங்கள் எடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். 10.15 முதல் 11.15 வரை இரண்டு குழு மட்டும் ப்ரசென்ட் செய்யட்டும். அடுத்த அரைமணி, அன்று பார்த்ததில் எல்லாரும் தவறவிட்ட ஒரே ஒரு குறியை எடுத்து எல்லார் கையிலும் செய்ய வையுங்கள். கடைசிக் கால்மணி லாக் புக்.

பதில் | ஜூன் 3, இரவு 10.10

ஒன்று விட்டுப்போனது. யூனிட்டுக்கு 30 படுக்கை என்பது பழைய எம்.சி.ஐ. (இந்திய மருத்துவக் கவுன்சில்) காலத்துக் கணக்கு. 30 மாணவருக்கு 30 நோயாளி, பிரச்சினை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். மூச்சு வாங்குகிறவர், குளிர்காய்ச்சலில் நடுங்குகிறவர், 10 மணிக்கு ஸ்கேனுக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர், நேற்றே இருபது பேர் தட்டித் தடவிய வயிற்றுக்காரர், வேண்டாம் என்று சொல்கிறவர், இவர்களைக் கழித்தால் மிஞ்சுவது எட்டோ பத்தோ. முந்தைய நாள் மாலை ரவுண்ட்ஸில் பி.ஜி.யிடம் சொல்லி ஆறு பேரைக் குறித்து, அப்போதே அவர்களிடம் சம்மதமும் கேட்டுவிடுங்கள். காலையில் ஆள் தேடினால் 9.40 ஆகிவிடும். பெண்கள் வார்டில் ஆண் மாணவர் பரிசோதிக்கும்போது பக்கத்தில் பெண் ஒருவர் கட்டாயம். ஸ்க்ரீன் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஒரே நேரத்தில் இரண்டு குழுவை அங்கே அனுப்பாதீர்கள்.

பதில் | ஜூன் 5, மதியம் 2.30

"8 நிமிடத்தில் எதைப் பார்ப்பது?" என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். அடிக்கடி தவறுகிற இடங்களைச் சொல்கிறேன்.

ரத்த அழுத்தம். கஃப்புக்குள் இருக்கும் ரப்பர்ப் பையின் நீளம் கையின் சுற்றளவில் 80 சதவீதம், அகலம் 40 சதவீதம் இருக்க வேண்டும். மெலிந்த பாட்டிக்கும் குண்டான டிரைவருக்கும் ஒரே கஃப்பைக் கட்டுகிறார்கள். சிறிய கஃப் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். முதலில் நாடி பிடித்து மறையும் அளவைக் குறித்து, அதற்கு மேல் 30 ஏற்றி, விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்க வேண்டும். நாடி பிடிக்கும் படியைத் தாண்டினால் நடுவில் சத்தம் மறையும் இடைவெளியில் மாட்டி, 190 இருப்பவருக்கு 150 என்று எழுதுவார்கள். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: டயல் கருவியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில்தான். கேஸ் ஷீட்டில் 125/85 என்று இருந்தால் அது கருவியில் படித்த எண் அல்ல. டிஜிட்டல் கருவி என்றால் விட்டுவிடலாம்.

மூச்சு எண்ணிக்கை. வார்டு முழுவதும் 18 தான். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், எண்ணுவது நோயாளிக்குத் தெரியக்கூடாது. நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். 28 இருந்தவரை 18 என்று எழுதிய ஷீட்டை அடுத்து வருபவரும் நம்புவார். அதுதான் ஆபத்து.

ஜே.வி.பி. (கழுத்துச் சிரை அழுத்தம்). கட்டிலின் தலைப்பக்கத்தை 45 பாகை உயர்த்த வேண்டும். நம் வார்டுக் கட்டில்களில் பாதிக்கு அந்தக் கைப்பிடியே சுழலாது. அப்போது தலையணை, மடித்த போர்வை வைத்துச் சரிக்கட்டுங்கள். முதுகும் சேர்ந்து உயர வேண்டும், கழுத்து மட்டும் மடங்கினால் பயனில்லை. தலையை இடப்பக்கம் லேசாகத் திருப்பி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மார்பெலும்பின் மேற்பகுதியில் உள்ள புடைப்பான ஸ்டெர்னல் ஆங்கிளிலிருந்து செங்குத்தாக அளக்க வேண்டும். 3 செ.மீ.க்கு மேல் என்றால் உயர்வு. இரண்டு ஸ்கேல் வேண்டும். ஒரு ஸ்கேலோடு அளப்பவர் கழுத்தின் சாய்வோடு அளக்கிறார் என்று பொருள்.

ஸ்ப்லீன். வலது இலியாக் ஃபோசாவிலிருந்து (அடிவயிற்றின் வலப்பக்கம்) தொடங்க வேண்டும். இடது விலா ஓரத்தில் தொடங்குபவர் பெரிய ஸ்ப்லீனைத்தான் தவறவிடுவார், ஏனென்றால் கை ஏற்கெனவே அதன் மேலேயே இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது கை காத்திருக்க வேண்டும், குத்தக் கூடாது. தட்டுப்படவில்லை என்றால் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடி. இடது விலா ஓரத்தில் உள்ள ட்ராபே இடத்தைத் தட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 9.15க்கு நோயாளி இட்லி சாப்பிட்டு அரைமணிதான் ஆகியிருக்கும். நிறைந்த இரைப்பையும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

ஷிஃப்டிங் டல்னஸ் (வயிற்றில் நீர் இருந்தால் திருப்பும்போது இடம் மாறும் மந்த ஒலி). விரலை எடுக்காமல் நோயாளியைத் திருப்பி, அரை முதல் ஒரு நிமிடம் காத்திருந்து தட்ட வேண்டும். யாரும் காத்திருப்பதில்லை. திருப்பிய உடனே தட்டிவிட்டு "இல்லை சார்".

பெர்கஷன் (விரலால் தட்டிப் பார்த்தல்) பொதுவாக: வைக்கும் விரல் அழுந்தி இருக்க வேண்டும், மற்ற விரல்கள் மார்பைத் தொடக்கூடாது, அடி மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். நகம் வெட்டாதவர் பயந்து பயந்து தட்டுவார், சத்தம் வராது. போஸ்டிங் முதல் நாளே நகவெட்டி.

ரிஃப்ளெக்ஸ். சுத்தியல் தானாக விழ வேண்டும். தசை வெளியே தெரிய வேண்டும். வேட்டி மேல் தட்டிவிட்டு "நீ (முழங்கால்) ஜெர்க் ஆப்சென்ட்" என்று எழுதுபவர்கள் ஜென்ட்ராசிக் (வேறு தசையை இறுக்கச் சொல்லி ரிஃப்ளெக்ஸைக் கூட்டும் உத்தி) செய்து பார்க்காமல் எழுதுபவர்களும்கூட. பல்லைக் கடிக்கச் சொல்வதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

பதில் | ஜூன் 5, இரவு 8.05

"நோ பேலர், நோ இக்டெரஸ், நோ சயனோசிஸ், நோ க்ளப்பிங்..." வெளிறல், மஞ்சள், நீலம் பாய்தல், விரல்நுனி வீக்கம் எதுவும் இல்லை என்று ஸ்லோகம் மாதிரி மூச்சு விடாமல் வரும். நிறுத்தி, "இக்டெரஸ் எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டால் போதும். ஜன்னல் வெளிச்சத்தில், கீழே பார்க்கச் சொல்லி, மேல் ஸ்க்லீராவை (வெள்ளைவிழி). டியூப்லைட்டுக்கு அடியில் லேசான மஞ்சள் தெரியாது. கழுத்து லிம்ஃப் நோடுகளை முன்னால் நின்று தடவுகிறவர்களையும் கவனியுங்கள். பின்னால் போய்த் தடவ வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், கட்டில் சுவரை ஒட்டி இருப்பதால் போகமாட்டார்கள். நோயாளியை ஸ்டூலில் உட்கார வைத்தால் முடிந்தது.

காய்ச்சல் நோயாளியிடம் இந்தப் பட்டியலோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: எஸ்கார் (ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் வரும் கருத்த பொருக்கு). அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்குக் கீழ், இடுப்பில் நாடா கட்டும் இடம். வலிக்காது என்பதால் நோயாளி சொல்லமாட்டார். துணி விலக்கிப் பார்க்காத ஸ்க்ரப் டைஃபஸ் எத்தனை நாள் "ஃபீவர் ஃபார் எவால்யுவேஷன்" என்ற பெயரில் படுத்திருக்கிறது என்பது தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதில் | ஜூன் 8, காலை 7.15

பார்த்தாகிவிட்டது, சொல்வது எப்படி?

அமெரிக்க போர்டு ஆஃப் இன்டர்னல் மெடிசினில் ஜான் நார்சினி குழு 1995இல் வெளியிட்ட மினி-சி.இ.எக்ஸ். முறையின் சாரம் எளிது: ஒரு சிறு பகுதியை நேரில் பார், உடனே சொல், ஒரே தாளில் குறி. நம் ஊரில் அதை எடுத்து வந்து, வார இறுதியில் நினைவிலிருந்து பத்துத் தாளை மொத்தமாக நிரப்புகிறோம். தாளைத் தூக்கிப் போட்டாலும் பரவாயில்லை, பார்த்த உடனே சொல்வதை விடக்கூடாது. இரண்டு நிமிடம் போதும். சரியாகச் செய்த ஒன்று, திருத்த வேண்டிய ஒன்று, அப்போதே திரும்பச் செய்ய வைத்தல். மூன்றாவதுதான் எல்லாரும் விடுவது.

ஓ.பி. (வெளிநோயாளிகள்) நாளில் நேரமே இல்லை என்பவர்களுக்கு 1992இல் வந்த ஒன் மினிட் ப்ரிசெப்டர். ஐந்து படி: "என்ன நோய் என்று நினைக்கிறாய்" என்று ஒரு முடிவைச் சொல்ல வை, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேள், பொது விதி ஒன்று சொல், சரியாகச் செய்ததைச் சொல், தவறைத் திருத்து. முதல் படியில்தான் நாம் வழுக்குகிறோம். மாணவர் வாயைத் திறப்பதற்குள் "சி.ஓ.பி.டி. தானே?" என்று நாமே சொல்லிவிடுகிறோம். அவர் தலையாட்டுகிறார். அன்றைய பாடம் தலையாட்டுவது.

நோயாளியின் முன்னால் மாணவரைக் கிண்டல் செய்வது நம் துறையில் பழைய பழக்கம். ஒழுக்கத்தை விடுங்கள், கணக்காகவே நஷ்டம்: மறுநாள் அந்த நோயாளி அந்த மாணவரிடம் வாயைத் திறக்கமாட்டார். மாணவரும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் ஊகித்து எழுதுவார்.

பதில் | ஜூன் 8, இரவு 9.30

லாக் புக் பற்றி. கேள்வி கேட்டவர் அதன்மேல் காட்டும் கோபம் கொஞ்சம் இடம் மாறியது. 2019 விதிகளில் மெடிசினுக்கு என்று சான்றளிக்க வேண்டிய திறன்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஓர் எழுத்து இருக்கும். 'ஐ' என்றால் நோயாளியிடம் மாணவர் தானே செய்ய வேண்டும்: வீனிபங்சர் (சிரையிலிருந்து ரத்தம் எடுத்தல்), தசை ஊசி, சிரை ஊசி, ட்ரிப் போட்டு வேகம் கணக்கிடுதல், ஆக்சிஜன், நெபுலைசர், ரத்த ஸ்மியரைப் படித்துச் சொல்வது. 'டி' என்றால் காட்டிக்கொடுத்து, மேற்பார்வையில் செய்ய வைப்பது: சிறுநீர் கத்தீட்டர், ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய்), அடிப்படை உயிர்காப்பு. 'ஓ' என்றால் பார்த்தால் போதும்: லம்பார் பங்சர் (முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தல்), ப்ளூரல், அசைட்டிக் ஆஸ்பிரேஷன் (மார்பிலும் வயிற்றிலும் சேர்ந்த நீரை எடுத்தல்), ரத்தம் ஏற்றுதல்.

நடப்பது தலைகீழ். எல்லாரும் லம்பார் பங்சரைச் சுற்றிக் கூடுகிறார்கள், எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஐ.வி. போடுவது ஸ்டாஃப் நர்ஸ் வேலை என்று ஒதுங்குகிறார்கள். ஹவுஸ் சர்ஜனாக வந்த முதல் இரவில் அவர்கள் கையில் விழுவது இரண்டாவதுதான். உங்கள் யூனிட்டில் 'ஐ' என்று குறித்த திறன்களை மட்டும் தனித்தாளில் எழுதி நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டுங்கள். வார்டு சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசி, காலை மருந்து நேரத்தில் தினம் இரண்டு மாணவர்களை அவர்களோடு விடுங்கள். ஐ.வி. கற்றுக்கொடுப்பதில் பல சிஸ்டர்கள் நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள். கையெழுத்து அதே நாளில், செய்ததைப் பார்த்தவர் போட வேண்டும். போஸ்டிங் முடிவில் மொத்தமாக வாங்க வருபவரிடம் ஒரு ஐ.வி. செட்டைக் கையில் கொடுத்து, காற்றை வெளியேற்றிக் காட்டச் சொல்லுங்கள். வரிசை தானாகக் குறையும்.

பதில் | ஜூன் 11, இரவு 11.20

அட்மிஷன் நாளில் மாணவர்களுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு.

இங்கேதான் நான் முதலில் சொன்ன, யாரும் படிக்காத பகுதி. மாணவர்களுக்கு லேர்னர்-டாக்டர் முறை என்று அதே விதிகளில் எழுதியிருந்தது. அட்மிஷன் நாளில் வகுப்பு நேரம் போக மாலை 6 வரை யூனிட்டோடு இருக்க வேண்டும். சேரும் நோயாளிகளைப் பிரித்துக்கொடுக்க வேண்டும், டிஸ்சார்ஜ் வரை அவர்களைத் தொடர வேண்டும். பெரும்பாலான இடங்களில் 12.05க்கு வார்டில் மாணவர் யாரும் இல்லை.

இருக்கச் சொன்னால் மட்டும் போதாது, இருப்பவர் கையில் வேலை வேண்டும். முடிவெடுக்காத, ஆனால் உண்மையாகவே பயன்படுகிற வேலை. மூன்று சொல்கிறேன்.

பாம்புக்கடி. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை முழுக்க மாணவரிடம் கொடுங்கள். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய், 2 மி.லி. புது ரத்தம், அறை வெப்பத்தில் அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரே முறை சாய்க்க வேண்டும். ரத்தம் ஓடினால் உறையவில்லை. விரியன் கடி என்று எண்ணிச் செயல்பட அதுவே போதும். கெடுவது எங்கே? பிளாஸ்டிக் குழாயில் எடுப்பது, சோப்புத் தூளில் கழுவிய பழைய குழாயில் எடுப்பது, இரண்டிலும் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டி ஆட்டிப் பார்ப்பது இன்னொன்று. சந்தேகம் வந்தால் கூட வந்த உறவினரின் ரத்தத்தைப் பக்கத்துக் குழாயில் வைத்து ஒப்பிடலாம். ஏ.எஸ்.வி. (பாம்பு விஷ முறிவு மருந்து) கொடுத்தபின் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். அந்த நேரங்களை எழுதி வைத்து நினைவூட்டுவதும் மாணவர் வேலை. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் குழாய் பக்கத்தில் வைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

ஆர்கனோபாஸ்பரஸ் (பூச்சிக்கொல்லி) விஷம். முறிவு மருந்தான அட்ரோபின் எவ்வளவு என்பதை பி.ஜி. பார்த்துக்கொள்வார். மாணவர் ஐந்து விஷயத்தை ஒரு கட்டத்தாளில் குறிக்கட்டும்: நுரையீரலில் இரைச்சல், இதயத் துடிப்பு 80க்கு மேலா, சிஸ்டாலிக் 80க்கு மேலா, அக்குள் உலர்ந்ததா, கண்மணி இன்னும் ஊசிமுனையா. பக்கத்தில் இன்னொரு பத்தி அட்ரோபின் மிஞ்சியதற்கு: பிதற்றல், காய்ச்சல், குடல் சத்தம் இல்லாமை. இந்தத் தாளை ஒரு இரவு நிரப்பியவருக்கு இந்த விஷத்தின் மஸ்கரினிக் விளைவுகளை வகுப்பில் திரும்ப நடத்த வேண்டியதில்லை.

டெங்கு. காய்ச்சல் இறங்கியதும் மாணவர் வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பார், நோயாளியும் அப்படியே நினைப்பார். அந்த நேரத்தில்தான் உட்கார வேண்டும். ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), நாடி அழுத்த வித்தியாசம் (மேல், கீழ் ரத்த அழுத்தங்களின் இடைவெளி), சிறுநீர் அளவு. வித்தியாசம் 20 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் வந்தால் யாரை எழுப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "தட்டணு எத்தனை?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கு ஹீமடோக்ரிட்டை விளக்குவதும் அவருக்கு நல்ல பயிற்சி.

பதில் | ஜூன் 12, காலை 6.50

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், தனியாக விட்டால் ஆபத்து. இரவில் மாணவர் கையில் ஊசி கொடுக்குமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் முடிந்ததா என்று கேளுங்கள். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் அளவு) 10க்கு மேல் வந்ததா என்றும் கேளுங்கள். கல்லூரி சேர்ந்த ஆண்டிலேயே முடிக்க வேண்டியது, மூன்றாவது டோஸை மறந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

குத்திக்கொண்டால்: சோப்பும் ஓடும் தண்ணீரும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணிக்குப் பின் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு விழும் என்று மறைப்பவர்தான் அதிகம். மூடி திரும்பப் போடும்போதுதான் பெரும்பாலும் குத்துகிறது. மூடியைத் திரும்பப் போடாதே என்று நாம் சொல்லிவிட்டு, நீடில் கட்டரை வார்டின் மறுமூலையில் வைத்திருக்கிறோம்.

பதில் | ஜூன் 14, மாலை 4.00

ஜூன் 3 ஏற்பாட்டை எல்லாப் பேட்சுக்கும் அப்படியே போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அது ஏற்கெனவே ஒரு போஸ்டிங் முடித்தவர்களுக்கு. படிப்பின் இரண்டாம் கட்டத்தில் முதன்முதலாக வார்டுக்கு வருபவர்களை முழுக் கேஸில் இறக்கினால், புத்தகத்தில் உள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்டுவிட்டு நோயாளி சொன்னதைக் காதில் வாங்காமல் வருவார்கள். அவர்களுக்கு முதல் வாரம் வெறும் ஹிஸ்டரி. அதிலும் முதல் இரண்டு நிமிடம் குறுக்கே பேசக்கூடாது என்பது ஒன்றே விதி. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் எழுதட்டும், ஆங்கிலம் பிறகு. "கிறுகிறுன்னு வருது" என்றால் உடனே வெர்டிகோ என்று எழுதாமல், அறை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, விழுந்து நினைவு போனதா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கட்டும். இரண்டாம் வாரம் பொதுப் பரிசோதனையும் வைட்டல்சும். மூன்றில் இருந்து ஒவ்வொரு சிஸ்டமாக.

இறுதிக் கட்டத்தினருக்கு நேர் எதிர். அவர்கள் 40 நிமிடம் ஹிஸ்டரி சொல்ல விடாதீர்கள். இரண்டு வரியில் சுருக்கு, மூன்று சாத்தியம் சொல், எது ஏன் இல்லை என்று சொல், இன்று என்ன டெஸ்ட், இரவு எதைக் கவனிக்க வேண்டும். முடிந்தது.

பதில் | ஜூன் 14, இரவு 10.30

தேர்வு பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன், ஏனென்றால் மாணவர் எதைப் படிப்பார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதிக்கும் தேர்வு) என்றால் மைட்ரல் ஸ்டெனோசிஸ், ஹெமிப்ளீஜியா, ப்ளூரல் எஃப்யூஷன், அசைட்டிஸ். குறி தெளிவாக இருக்கும், நோயாளி நாள் முழுக்க உட்காருவார். சிலர் ஆண்டுதோறும் வந்து எக்ஸாமினரைவிட நன்றாகத் தங்கள் முர்மரை விவரிப்பார்கள். ஆனால் அட்மிஷன் இரவில் வருவது டி.கே.ஏ. (சர்க்கரை நோயின் அவசர நிலை), செப்சிஸ் (கடும் தொற்று), விஷம், மூச்சுத்திணறல். இவர்களைத் தேர்வுக்கு உட்கார வைக்க முடியாது. ரொனால்ட் ஹார்டன் 1975இல் டண்டியில் இருந்து எழுதிய ஆஸ்கி முறை (நிலையம் நிலையமாக நகர்ந்து செய்துகாட்டும் தேர்வு) இங்கே கை கொடுக்கும், சரியாகச் செய்தால். நாம் செய்வது பெரும்பாலும் மேசை மேல் எக்ஸ்ரே வைத்துக் கேள்வித்தாளை ஒட்டுவது. அது ஆஸ்கி அல்ல, நடந்துகொண்டே எழுதும் தியரித் தேர்வு. ஒரு நிலையத்திலாவது ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்: இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடு, இன்ஹேலரைக் காட்டு, டி.பி. மருந்தைப் பாதியில் நிறுத்தியவரிடம் பேசு. ஐந்து நிமிடம், பத்து வரிச் செக்லிஸ்ட்.

நுழைவுத் தேர்வுக்காக ஆப்பில் வீடியோ பார்த்துக்கொண்டு வார்டைத் தவிர்ப்பவர்களைப் பற்றி ஒருவர் வெடித்திருந்தார். 80 சதவீத வருகைப்பதிவைக் காட்டி மிரட்டலாம், உடம்பு மட்டும் வரும். வார்டில் நடந்த ஒன்றிலிருந்து நாலு எம்.சி.க்யூ. நீங்களே தயாரித்துப் 12 மணிக்குக் கேட்டுப் பாருங்கள். காலையில் அதே நோயாளியின் ஈ.சி.ஜி.யைக் கையில் வைத்திருந்தவருக்குப் பதில் உடனே வரும், மற்றவர்களுக்கு வராது. அடுத்த நாள் கூட்டம் கொஞ்சம் மாறும். கொஞ்சம்தான்.

பதில் | ஜூன் 19, மதியம் 1.10

ஈ.சி.ஜி. பேச்சு வந்ததால்: படிப்பதற்கு முன் எடுக்க வையுங்கள். டெக்னீஷியன் எடுத்த தாளை மட்டும் பார்த்தவருக்கு லீட் (உடலில் ஒட்டும் கம்பி) மாறினால் எப்படி இருக்கும் என்று தெரியாது. வலது, இடது கை லீட்களை வேண்டுமென்றே மாற்றிப் போட்டு ஒன்று எடுங்கள். லீட் ஒன்று தலைகீழாகும், ஏ.வி.ஆர். நிமிர்ந்து நிற்கும். மார்பு லீட்கள் அப்படியே இருக்கும். இதயம் வலப்பக்கம் இருப்பவரிடமோ மார்பு லீட்களில் வி6 வரை அலை சிறுத்துக்கொண்டே போகும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். எந்தத் தாளிலும் முதல் கேள்வி வேகம் விநாடிக்கு 25 மி.மீ., உயரம் 10 மி.மீ.க்கு ஒரு மில்லிவோல்ட் என்று இருக்கிறதா என்பது.

பதில் | ஜூன் 20, இரவு 8.40

கேள்வி கேட்டவரின் யூனிட்டில் ட்ரிப் வேகத்தை 15ஆல் பெருக்க வேண்டுமா 20ஆலா என்று மாணவர்களுக்குள் சண்டையாம். இரண்டும் சரி, செட்டைப் பொறுத்தது. உறையின் மேல் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். 500 மி.லி. 4 மணி நேரத்தில் போக வேண்டும் என்றால் 20 சொட்டுச் செட்டில் நிமிடத்துக்கு 42, 15 சொட்டுச் செட்டில் 31. மைக்ரோ செட் என்றால் 60 சொட்டு, அதில் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. உறையைக் கிழித்து எறிவதற்கு முன் படிக்கச் சொல்லுங்கள். நோயாளி கையை மடக்கிய பிறகு ஒருமுறை மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.